புது அப்பாவுக்கு யார் துணை? பிரசவத்துக்கு முன்பே தேடி வைக்க வேண்டிய ஆட்களும் இடங்களும்

மகள் பிறந்து பதினோராம் நாள். மன்னார்குடியில் மாமனார் வீடு. இரவு இரண்டு மணி இருக்கும். அறைக்குள் பாப்பா வீறிட்டு அழுகிறாள். மனைவியும் மாமியாரும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுத் தட்டுகிறார்கள். நான் கூடத்தில், கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே போகலாமா, போய் என்ன செய்வது, டாக்டரைக் கூப்பிடும் அளவுக்குப் பெரிய விஷயமா, ஒன்றும் புரியவில்லை. கைபேசியில் தேடினேன். முதலில் வந்த பக்கம் வயிற்றுவலி என்றது. நாலாவது பக்கம் மூளைக்காய்ச்சல் வரை போய்விட்டது. கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில், யாராவது விழித்திருக்க மாட்டார்களா என்று, "பாப்பா ஒரு மணி நேரமா அழுதுட்டே இருக்கா" என்று போட்டேன்.

எட்டு மாதக் கைக்குழந்தை உள்ள நண்பன் ஒருவன் உடனே கேட்டான்: "உடம்பு சுடுதா? கடைசியா எப்ப பால் குடிச்சா? இன்னிக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனா?" மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியாது. கதவைத் தட்டி உள்ளே போய்க் கேட்டேன். சுடவில்லை. அரை மணிக்கு முன்புதான் குடித்தாள். காலையிலிருந்து ஏழெட்டுத் துணி மாற்றியாயிற்று. "அப்ப பயப்படாதடா. ஏப்பம் வராம இருக்கும். நிமித்தித் தோள்ல போட்டு நட. நீ நட, அவங்க ரெண்டு பேரும் செத்த படுக்கட்டும்" என்றான். நடந்தேன். கூடத்துக்கும் கொல்லைக்கும் இடையே எத்தனை நடை என்று கணக்கில்லை. ஒரு சின்ன ஏப்பம் வந்தது. கழுத்தில் மூச்சு பட்டபடியே தூங்கிப்போனாள்.

அந்த மூன்று கேள்விகளைக் கேட்க ஒரு ஆள் இருந்தது எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்மாவாகப் போகிறவளைச் சுற்றி அம்மா, பெரியம்மா, அக்கா, பக்கத்து வீட்டு ஆச்சி என்று ஒரு கூட்டம் தானாகவே கூடிவிடுகிறது. அப்பாவாகப் போகிறவனுக்கு "பணம் ரெடி பண்ணிக்கப்பா" என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்வதில்லை. அவன் தன் துணையைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரசவ தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தேடத் தொடங்கினால் நல்லது.

முதல் வேலை: எண்களும் முகங்களும்

ஒரு வெள்ளைத் தாளில் சில எண்களைப் பெரிதாக எழுதி, மனைவி பிரசவத்துக்குப் போகும் வீட்டின் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் கைபேசியில் மட்டும் இருந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் அது யாருக்கும் உதவாது. 108 அவசர ஊர்தி. 102 பிரசவம் முடிந்து அரசு மருத்துவமனையிலிருந்து தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விடும் இலவச ஊர்தி. 104 மருத்துவ ஆலோசனைக்கான அரசு எண். 14416 மனநல உதவிக்கான டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் சேவை, தமிழிலும் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இவற்றின் கீழே பிரசவம் பார்க்கும் மருத்துவமனையின் எண்ணையும், உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரின் எண்ணையும், ராத்திரியில் கூப்பிட்டால் வரும் ஒரு ஆட்டோக்காரரின் எண்ணையும் எழுதுங்கள்.

இதில் பலரும் மறந்துவிடுவது செவிலியரின் எண்ணைத்தான். ஊரில் 'நர்ஸம்மா' என்று கூப்பிடுவார்களே, அவர். கர்ப்பத்தைப் பதிவு செய்வது முதல் குழந்தையின் எடை, தடுப்பூசி, உதவித்தொகை வரை எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகின்றன. மனைவியோடு ஒரு முறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "நான்தாங்க இவங்க வீட்டுக்காரர்" என்று முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். பிறகு நீங்கள் வெளியூரிலிருந்து போன் செய்தாலும் அவருக்கு ஆள் தெரியும். நான் அப்படிப் போனபோது அவர் கேட்டது, "பிக்மி நம்பர் வாங்கியாச்சா?"

பிக்மி என்பது தமிழக அரசின் கர்ப்பப் பதிவு. பதிந்ததும் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றாலும் இந்த எண் வேண்டும்; பிறப்புப் பதிவின்போது கேட்பார்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவ வலியில் இருப்பவளிடம் போய் அந்த நம்பர் எங்கே என்று கேட்கும் நிலைமை வரக்கூடாது.

இரண்டாவது: எதை யாரிடம் கேட்பது

வரும் ஆறு மாதத்தில் உங்களுக்கு நூறு கேள்விகள் வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட பிரிவினை இது.

உடம்பு பற்றிய கேள்வியை டாக்டரிடமோ செவிலியரிடமோ மட்டும் கேளுங்கள். குழுவில் இருநூறு அப்பாக்கள் இருந்தாலும் உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர் அதில் ஒருவரும் இல்லை. குறிப்பாகச் சிலவற்றுக்கு யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் கக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்து 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால். உடம்பு சில்லிட்டுப் போனால். பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்து, மூச்சு 60ஐத் தொட்டால் அல்லது தாண்டினால், அல்லது மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால். வலிப்பு வந்தால். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், அல்லது பிறகு மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினால். தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தால். மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால். இந்தப் பட்டியலையும் இன்னொரு தாளில் எழுதி அதன் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம்.

அம்மாவுக்கும் இப்படிச் சில உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு, காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். வீட்டில் எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும். அவளைப் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள்.

கை வேலை பற்றிய கேள்விகளுக்கு, அதாவது எப்படித் தூக்குவது, எப்படித் துணி மாற்றுவது, ஏப்பம் எடுப்பது என்பதற்கெல்லாம், வீட்டுப் பெரியவர்களைப் போல ஆசிரியர் கிடையாது. பத்து வீடியோ பார்ப்பதைவிட, மாமியாரிடம் "அத்தை, நீங்க ஒருதரம் செஞ்சு காட்டுங்க, அடுத்த தரம் நான் செய்றேன்" என்று கேட்பது மேல். கேட்ட அன்று என் மாமியார் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு வெள்ளை வேட்டித் துணியை முக்கோணமாக மடித்து, என் கையைப் பிடித்தே முடிச்சுப் போட வைத்தார். மறுநாள் முதல் அந்த அறைக் கதவு எனக்குத் திறந்தே இருந்தது.

ஆனால் பெரியவர்கள் சொல்வதில் சிலவற்றுக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்லியாக வேண்டும். பிறந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு உரைத்துக் கொடுப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது. இவை எதுவும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து உண்டு. இதை நீங்கள் நேராகச் சொன்னால் மனத்தாங்கல் வரும். எனக்கு உதவியது நர்ஸம்மாதான். வீட்டுக்கு வந்தபோது எல்லோர் முன்னாலும் அவரிடமே கேட்டேன்: "தேன் வைக்கலாமாங்க?" அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. மாமியார் முகமும் வாடவில்லை.

மூன்றாவது வகை மனசு பற்றிய கேள்விகள். "எனக்கு ஏன் பாசமே வரவில்லை", "வேலைக்குப் போனால் நிம்மதியாக இருக்கிறதே, நான் கெட்ட அப்பாவா". இவற்றை வேறு அப்பாக்களிடம்தான் கேட்க முடியும். அதற்குத்தான் குழுக்கள்.

மூன்றாவது: நல்ல குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது

ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் டாடிட் என்ற இடம் இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து அப்பாக்கள் அங்கே எழுதுகிறார்கள். பேரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் மனம் விட்டு எழுதுகிறார்கள். சேர்ந்த உடனே எதையும் கேட்காமல் இரண்டு வாரம் வாசித்துப் பாருங்கள்; உங்கள் கேள்வியை ஏற்கெனவே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் ஊர்ப் பழக்கம் வேறு. குழந்தையைத் தனி அறையில் தூங்கப் பழக்குவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் நம் வீட்டுக்கு அது பொருந்தாது. குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும், முகத்தருகே தலையணையும் கனத்த போர்வையும் கூடாது என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

தமிழில் ஃபேஸ்புக், டெலிகிராம், வாட்ஸ்ஆப் எல்லாவற்றிலும் குழந்தை வளர்ப்புக் குழுக்கள் இருக்கின்றன. நான் பார்த்தவரை பெரும்பாலும் அம்மாக்களுக்கானவை. அதில் ஆண்களைச் சேர்க்காத குழு என்றால் அதை மதித்து விலகி நில்லுங்கள். தாய்ப்பால் பற்றிப் பெண்கள் தங்களுக்குள் பேச ஓர் இடம் வேண்டும். மனைவிக்கு அந்தக் குழுவைக் காட்டிவிட்டால் போதும்.

ஒரு குழு நல்லதா என்று பார்க்க நான் கவனிப்பது இரண்டு விஷயம். முதலில், யாராவது "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று எழுதினால் அங்கே என்ன நடக்கிறது? மருந்துப் பெயரும் அளவும் கொட்டினால் அந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிடுங்கள். "உடனே டாக்டரிடம் போங்க, போயிட்டு வந்து சொல்லுங்க" என்று நாலு பேர் எழுதினால் அங்கே இருக்கலாம்.

இரண்டாவது, அங்கே யார் எதை விற்கிறார்கள்? பால் பவுடர், புட்டி, டப்பா உணவு பற்றி யாராவது திரும்பத் திரும்பப் புகழ்ந்து எழுதினால் உஷாராகுங்கள். 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட மத்திய அரசுச் சட்டம் ஒன்று, இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கான பால் பவுடர், பால் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய முடியாததை 'என் அனுபவம்' என்ற பெயரில் குழுவில் போட வழி இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்துப் பவுடர் பால் தருவது வேறு, அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். தாய்ப்பால் போதவில்லை, குழந்தை குறைமாதம் என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று மருத்துவமனையில் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களில் இருக்கிறது. குழுவில் முகம் தெரியாதவரிடம் பால் வாங்க வேண்டாம். வங்கியில் கொடையாளரைப் பரிசோதித்து, பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் தருகிறார்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "பாப்பா அழுறா, என்ன பண்றது?" என்றால் இருபது பேர் இருபது விதமாகச் சொல்வார்கள். என் நண்பன் கேட்ட மூன்றையும், அவற்றோடு குழந்தையின் வயதையும் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்: வயது எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, எப்போது குடித்தாள், எத்தனை முறை சிறுநீர். பிறந்த ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பொதுவாகப் பால் போதுமான அளவு போகிறது என்று அர்த்தம். இதை எண்ணுவதற்காகவே கதவு நிலையில் ஒரு காகிதம் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். டாக்டர் கேட்டபோது அந்தக் காகிதத்தையே நீட்டினேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். குழந்தையின் படம், பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை, தாய் சேய் நல அட்டை இவற்றை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அந்த அட்டையில் உங்கள் குடும்பத்தின் அத்தனை விவரமும் இருக்கிறது. "பிரசவ உதவித்தொகை வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று அழைப்பு வந்தால் பேசாமல் வைத்துவிட்டு, நர்ஸம்மாவிடம் கேளுங்கள். உண்மையான உதவித்தொகைக்கு யாரும் ஓடிபி கேட்பதில்லை.

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இரண்டு வரி. ஆஸ்திரேலியாவில் எஸ்எம்எஸ் ஃபார் டாட்ஸ் என்ற இலவசச் சேவை, கர்ப்ப காலத்திலிருந்தே குழந்தையின் வயதுக்கு ஏற்ற குறுஞ்செய்திகளை அப்பாவுக்கு அனுப்புகிறது. பிரிட்டனில் வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டரிடம் உங்கள் மனநிலையையும் பேசலாம். அமெரிக்காவில் இயங்கும் போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல் அப்பாக்களுக்கென்றே இணையவழிக் கூட்டங்கள் நடத்துகிறது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, தகுதியுள்ள அப்பாவுக்கு நான்கு வாரம் ஊதியத்தோடு விடுப்பு. இலங்கையில் வீடு தேடி வரும் குடும்பநல மாதுவைவிட நல்ல துணை இல்லை.

நான்காவது: தாய்வீட்டு மாதங்கள்

இதைப் பற்றி எந்த ஆங்கிலப் பக்கத்திலும் இருக்காது. நம் ஊர் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து போனவள் குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திரும்புவாள். அவளுக்கு அது நல்லது. அந்த ஓய்வும் கவனிப்பும் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் அப்பா அந்த மாதங்களில் விருந்தாளி ஆகிவிடுகிறார். நான் கோவையில் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ், விடிந்தால் மன்னார்குடி, ஞாயிறு இரவு திரும்பல். போன முதல் இரண்டு வாரமும் எனக்குத் தலைவாழை இலை போட்டுச் சோறு போட்டார்கள். குழந்தையைப் பத்து நிமிடம் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து மாற்றிக்கொண்டேன். நீங்கள் முதல் வாரத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். போனதும் ஒரு வேலையை உங்களுடையது என்று சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது ராத்திரி முதல் ஜாமம்: பத்து மணிப் பால் குடித்ததிலிருந்து அடுத்த பால் வரை பாப்பா என் பொறுப்பு. மாமியார் வாரம் ஒருமுறையாவது தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியது அந்த இரவுகளில்தான். இடைப்பட்ட நாட்களில் காணொளி அழைப்பை 'முகம் காட்டுவதற்கு' என்று வைக்காதீர்கள். பிறந்த குழந்தைக்குத் திரை தெரியாது, குரல் தெரியும். கர்ப்பத்திலேயே கேட்ட குரல்தான் அது. தினமும் ஒரே நேரத்தில் போனைக் காதுக்குச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லிப் பேசுங்கள், தெரிந்த பாட்டைப் பாடுங்கள். மனைவியிடம் "பாப்பா சாப்பிட்டாளா" என்று கேட்பதற்கு முன் "நீ சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேளுங்கள்.

குழந்தை எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்திருந்தால் உங்களுக்கு இன்னொரு பெரிய வேலை காத்திருக்கிறது. கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர்கள் தொடங்கிய முறை. டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையைப் பெற்றவரின் வெற்று மார்போடு ஒட்டி, நிமிர்த்தி வைத்துத் துணியால் சுற்றுவது. அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை. அப்பாவின் மார்பும் அதே சூட்டைத் தரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது இப்படி வைக்கச் சொல்கிறது. ஒருவரால் அது முடியாது, ஆகவே நீங்களும் வேண்டும். வார்டில் "அப்பாவும் கங்காரு வைக்கலாமா சிஸ்டர்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

ஐந்தாவது: விடுப்பும் காகிதமும் பணமும்

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. உயிரோடுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், பிரசவத்துக்கு 15 நாள் முன்பிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். தனியார் நிறுவன ஊழியருக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் இருந்தால் உண்டு. அதை ஏழாவது மாதத்திலேயே மனிதவளப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டு வையுங்கள். முழு விடுப்பையும் பிரசவ வாரத்தில் செலவழிக்காமல் பாதியை மனைவி தாய்வீட்டிலிருந்து திரும்பும் வாரத்துக்கு வைத்திருங்கள். அந்த வாரம்தான் வீட்டில் கைகள் குறைவு.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் பெயர், இனிஷியல், எழுத்துக்கள் மூன்றையும் உங்கள் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்குத் தந்த படிவத்தில் என் மனைவி பெயரில் ஓர் எழுத்து பிசகி இருந்தது. அங்கேயே திருத்தினார்கள், ஐந்து நிமிடம். பதிவான பிறகு திருத்த அலைந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். குழந்தையின் பெயரை அவசரமாக முடிவு செய்ய வேண்டாம். ஒரு வருடம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம்; அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரூ.18,000 மதிப்புள்ள உதவி உண்டு. ரூ.14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. ஏழைக் குடும்பங்களுக்கு, 19 வயது நிறைந்த தாய்க்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. கணக்கு தாயின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஆதாரில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆறாவது: உங்கள் மனசு

இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு வரும் மனச்சோர்வு பற்றி இப்போது ஓரளவு பேசுகிறார்கள். முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அடங்கவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். இல்லாத குரல் கேட்கிறது, சாக வேண்டும் என்கிறாள் என்றால் அன்றைக்கே, தனியாக விடாமல். "பிள்ளை பெத்தவ அப்படித்தான் இருப்பா" என்று வீட்டில் சொன்னாலும் நீங்கள் கேட்காதீர்கள்.

அப்பாக்களுக்கும் இது வரும் என்பதை மிகச் சிலரே சொல்கிறார்கள். 2010இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில், 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. கர்ப்ப காலத்திலிருந்து குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை சுமார் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருப்பதாகவும், குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அது அதிகமாவதாகவும் அதில் இருந்தது. நம் ஊரில் அது ஏறக்குறைய மனைவியும் குழந்தையும் தாய்வீட்டிலிருந்து திரும்பும் காலம்.

ஆண்களுக்கு அது அழுகையாக வெளிப்படாமல் போகலாம். எரிச்சலாக வரும். வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதாக வரும். குடி கூடும். என் விஷயத்தில், வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் அதன் மேலேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பேன். ஒரு மாதம் அப்படி. பாப்பாவின் அழுகைச் சத்தம் மாடியிலிருந்து கேட்கும், கால் நகராது. அதைக் குழுவில் எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எழுதியதும் இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். ஒருவர், "எனக்கும் இருந்துச்சு, 14416 கூப்பிட்டேன், பேசினேன், சரியாச்சு" என்றார். அன்றிரவு நானும் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படுத்தவில்லை, அறிவுரை சொல்லவில்லை. நான் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று கேட்டார். அந்த வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. பிறகு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாலு முறை போய் வந்தேன்.

குழந்தையின் அழுகை இரண்டாவது வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் குறையும். இது தெரிந்தால் பாதி பாரம் இறங்கும். எவ்வளவு பொறுமைசாலிக்கும் ஒரு நொடி கை இறுகும். அந்த நொடியில் குழந்தையைக் குலுக்கிவிடாதீர்கள். குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும், உயிரே போகலாம். பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஐந்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். குழந்தை அந்த ஐந்து நிமிடம் அழுதால் ஒன்றும் ஆகாது. திரும்பிப் போகும்போது யாரையாவது போனில் கூப்பிட்டுக்கொண்டே போங்கள்.

ஏழாவது: உங்கள் குழுவை நீங்களே தொடங்குவது

இணையத்தில் ஆயிரம் பேர் இருப்பதைவிட, ஒரே ஊரில் ஐந்து அப்பாக்கள் இருப்பது பலம். இப்போது என்னிடம் இருக்கும் குழுவில் ஒன்பது பேர். ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார், ஒருவர் லாரி ஓட்டுகிறார், இரண்டு பேர் மில்லில். எல்லோர் குழந்தையும் ஆறு மாத இடைவெளிக்குள் பிறந்தவை. அதனால் ஒருவருக்கு இன்று வரும் கேள்வி இன்னொருவருக்குப் போன மாதம் வந்திருக்கும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் எழுதினால் பதில் எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் பெரும்பாலும் யாராவது விழித்திருப்பார்கள். மருந்துப் பெயர் எழுதக் கூடாது. மனைவியைப் பற்றிக் குறை சொல்ல அது இடமில்லை. ஃபார்வர்டு செய்தி கிடையாது. இவ்வளவுதான் விதி. லாரிக்காரர் நாக்பூரில் நிற்கும்போது அவர் மகனுக்கு வயிற்றுப்போக்கு. பேக்கரிக்காரர் கடையைச் சாத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாயையும் மகனையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

இப்படிப்பட்டவர்களை எங்கே பிடிப்பது? புதன்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில். தமிழ்நாட்டில் புதன்தான் தடுப்பூசி நாள். பிறந்ததும் போடும் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை ஊசி இவை மருத்துவமனையிலேயே முடிந்திருக்கும். அதன்பின் 6, 10, 14 வாரங்களில் வர வேண்டும், ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா ஊசி. அந்தத் தேதிகளில் அரைநாள் விடுப்புப் போட்டு நீங்களே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். அந்த பெஞ்சில் உங்களைப் போலவே ஒருவர், தோளில் துண்டும் கையில் தாய் சேய் நல அட்டையுமாக, அழும் குழந்தையைத் தட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்க பாப்பாவுக்கு எத்தனை வாரம்ங்க?" என்று கேளுங்கள்.